சீட்டில் உட்கார்ந்து போன சேலை

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

எண்பதுகளின் தொடக்கம், ஓர் ஆவணி மாதம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து நான் ஒருத்தி மட்டும் கிளம்பி வந்திருந்தேன். என் தம்பி முருகேசுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் பெண் பேசியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடம் பேசி, இரண்டும் பேச்சோடு நின்றுபோயிருந்தன. ஒன்று ஜாதகத்தில் நின்றது. இன்னொன்று, “மலேசியாவா, அம்மாடி, அவ்வளவு தூரமா” என்பதில் நின்றது. தம்பிக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் யார் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் எடுத்துப் பார்க்காமல் மேசை மேலேயே விட்டுவிடுவான்.

பரிசம் போட மாப்பிள்ளை வரவேண்டியதில்லை. மாப்பிள்ளையின் அக்கா போனால் போதும், கூட ஒரு பட்டுச்சேலையும் போகவேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் அந்தச் சேலையை நான் என் கையால் பெண் கையில் கொடுத்துவிடவேண்டும். “அவ வாங்கிக் கட்டிட்டா நம்ம வீட்டுப் பிள்ளை. கட்டலேன்னா இல்லை. நீ வேற ஒண்ணும் பேசவேண்டாம், சேலையை மட்டும் ஒழுங்கா கொண்டுபோய்ச் சேர்” என்று சொல்லி அனுப்பினாள் அம்மா. அவளுக்கு நெஞ்சுவலி, பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மெட்ராசில் இறங்கி அம்மா சொன்ன நிறத்திலேயே வாங்கினேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை.

புதன்கிழமை விருதுநகரில் சின்ன ரயில் ஏறினேன். எதிரே ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அவரிடம் பெட்டியும் இல்லை, பையும் இல்லை, ஒரு துண்டு மட்டும்தான் இருந்தது. முதலில் அதைத் தலையிலிருந்து அவிழ்த்து பெஞ்சைத் தட்டினார். பிறகு முகத்தைத் துடைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கி, துண்டின் மூலையில் முடிந்துகொண்டார். ராஜபாளையத்தில் வெயில் ஜன்னல் வழியாக வந்தது, துண்டைக் கம்பியில் கட்டித் திரையாக்கினார். அப்புறம் அதையே சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். நானோ இரண்டு சூட்கேஸையும் ஒரு தோள்பையையும் வைத்துக்கொண்டு கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் கைலிக்கு இந்த மரியாதை உண்டு. குளிக்க, தூங்க, தூளி கட்ட, கடையில் உட்கார எல்லாவற்றுக்கும் கைலிதான். ஆனால் கைலி வீட்டுக்கு உள்ளே வேலை செய்யும். இங்கே துண்டு ஊர் முழுக்க வேலை செய்கிறது.

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் மாரியப்ப அண்ணாச்சி வந்து நின்றார். அம்மாவுக்கு அக்கா மகன் முறை. ஆறு விசைத்தறி வைத்துத் துண்டு நெய்கிறவர். சூட்கேஸைத் தலையில் தூக்கும் முன் தோளிலிருந்த துண்டை எடுத்து வளையமாகச் சுற்றிச் சும்மாடு வைத்தார். “நம்ம தறியில ஓடினதுதான்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் மனைவி பெயர் கோமதி. நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். அவர்கள் தெருவில் தறிச் சத்தத்தில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. சாப்பிட வாங்க என்பதைக்கூடச் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் நாள் நானும் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

அன்று ராத்திரி மட்டன் பிரியாணி. எங்கள் ஊரில் பிரியாணிக்கு நெய் மிதக்கும், முந்திரி கிடக்கும். இங்கே அதெல்லாம் கிடையாது. சின்ன அரிசி, நல்ல காரம், கறி வாயில் வைத்தால் கரைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. மதினி தன் முந்தானையை நீட்டித் துடைத்துக்கச் சொன்னாள். அந்த முந்தானையில்தான் சற்று முன்பு சட்டியை இறக்கினாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூக்குத் துடைத்தாள். அதன் ஒரு முனையில் பெட்டிச் சாவி தொங்கியது. இன்னொரு முடிச்சு எதற்கு என்று கேட்டேன். “உங்களுக்கு மல்லிகைப்பூ சொல்லி வைக்கணும்னு முடிஞ்சேன், மறந்தே போச்சு” என்றாள்.

வியாழக்கிழமை காலையில் கோவில். கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண் கொடுத்தார்கள். நெற்றியில் பூசிக்கொண்டு மீதியைக் கைக்குட்டையில் மடித்தேன். சாயங்காலம் குருவிகுளத்தில் அண்ணாச்சியின் சித்தப்பா வீட்டுக்குப் பாக்கு வைத்து அழைக்கப் போகவேண்டியிருந்தது. அன்றுதான் பஸ் ஸ்டாண்டை முதன்முதலாகப் பார்த்தேன்.

ஈப்போவில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்போம். முன்னால் வந்தவர் முன்னால் ஏறுவார். இங்கே பஸ் உள்ளே நுழையும்போதே, இன்னும் நிற்கக்கூட இல்லை, அதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்தன. துண்டு விழுந்த சீட்டு துண்டுக்காரருடையது. அவர் நிதானமாகப் பீடியை முடித்துவிட்டு, பிறகு ஏறி வருவார். அதுவரை யாராவது உட்காரப் போனால் பக்கத்துச் சீட்டுக்காரர், “ஆள் வருது” என்பார். அவ்வளவுதான், வந்தவர் நகர்ந்துவிடுவார். ஆளைப் பார்த்திருக்கவே மாட்டார் அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரர், இருந்தாலும் சாட்சி சொல்வார்.

சரி, ஊரோடு ஒத்துப்போவோம் என்று நானும் புற்றுமண்ணை மதினி கையில் கொடுத்துவிட்டு, கைக்குட்டையை ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் வைத்தேன். ஏறிப் போய்ப் பார்த்தால் ஓர் அம்மா அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். என் கைக்குட்டை ஜன்னல் கம்பியில் செருகியிருந்தது.

“நான் இடம் போட்டிருந்தேன்” என்றேன்.

“எங்கன?”

கைக்குட்டையைக் காட்டினேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். “மூக்குத் துடைக்கிற துணிக்கெல்லாம் யாரு தாயி சீட்டு குடுப்பா? ஒரு முழமாவது இருக்கவேண்டாமா?” என்றார்.

பஸ்ஸே சிரித்தது. குருவிகுளம் வரை நின்றுகொண்டே போனேன். இரண்டு பக்கமும் கரிசல் காடு, ஆங்காங்கே பருத்தி. பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். கோபத்தில் எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. நாளைக்கு நான் நிற்கமாட்டேன், நடப்பது நடக்கட்டும் என்று அப்போதே தீர்மானம் செய்துவிட்டேன்.

குருவிகுளத்தில் இறங்கியபோது டீக்கடை முன்னால் இரண்டு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பயந்து ஒதுங்கினேன். அண்ணாச்சி, “சண்டையெல்லாம் வராது, வேட்டியைப் பாருங்க. கீழே இறக்கித்தானே விட்டிருக்கான். முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டினாத்தான் நாம தள்ளி நிக்கணும்” என்றார். சித்தப்பா வீட்டு வாசலுக்கு வந்ததும் அவரே தன் வேட்டியை இறக்கிவிட்டு, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாயால் வணக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பும்போது வழியெல்லாம் துண்டுக் கதைதான். வியாபாரத்தில் நொடித்துப்போனவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான் என்பார்களாம். சம்பளம் மாசக் கடைசிக்கு எட்டவில்லை என்றால் துண்டு விழுகிறது என்பார்களாம். மாட்டுச் சந்தையில் விலை பேசுவதும் துண்டுக்கு அடியில்தான். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசும். வெளியே இரண்டு முகமும் ஒன்றும் தெரியாத மாதிரி மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். “அப்போ நீங்க நெய்யுறது துண்டு இல்ல, ஊருக்கே வாய்” என்றேன். அண்ணாச்சிக்கு அது பிடித்துப்போய், அன்று ராத்திரி எனக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் பொரிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை. கரிவலத்துக்கு ரயில் அந்த நேரத்துக்குக் கிடையாது, ராஜபாளையம் போகிற பஸ்ஸில் அரை மணியில் இறங்கிவிடலாம். எட்டேமுக்காலுக்கே பஸ் ஸ்டாண்டில் இருந்தோம். முகூர்த்த நாள். ஊரே பட்டுக் கட்டிக்கொண்டு நின்றது. மதினி கையில் தாம்பாளம், பழம், தேங்காய். என் கையில் மஞ்சள் பை, அதற்குள் சேலை. சேலை மூலையில் காலையில்தான் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தாள் மதினி.

“வெத்தலையை மறந்துட்டோமே” என்றார் அண்ணாச்சி, கடைப் பக்கம் போனார். எங்கள் மூன்று பேரில் துண்டு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் அந்தப் பக்கம் போக, ராஜபாளையம் பஸ் இந்தப் பக்கம் வந்தது. துண்டுகள் பறந்தன. கூடை பறந்தது. ஒரு குடைகூடப் போயிற்று. மதினி தாம்பாளத்தோடு நின்றபடி, “மதினி, துணியைப் போடுங்க, துணியைப் போடுங்க” என்று கத்தினாள். முந்தின நாள் பட்ட அவமானம் எனக்குள் அப்படியே இருந்தது. ஒரு முழமாவது இருக்கவேண்டாமா என்று கேட்டாளே. கை பைக்குள் போனது. கிடைத்ததை எடுத்தேன். ஜன்னலில் எக்கி, காலியாக இருந்த சீட்டில் வீசினேன். சரியாக நடுவில் விழுந்தது. ஆறு கெஜம். யார் என்ன சொல்லமுடியும் என்று திரும்பி மதினியைப் பார்த்தேன்.

மதினி முகம் வெளுத்துப்போயிருந்தது.

படிக்கட்டுக்கு ஓடினோம். படியில் கால் வைக்க இடமில்லை. மதினி தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்தாள், அவளை ஒருவர் முழங்கையால் ஒதுக்கினார். நான் ஒரு காலை வைத்தேன், என் சேலைக் கரையை நானே மிதித்து இறங்கிவிட்டேன். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பியது. சேலைக்கு இடம் கிடைத்துவிட்டது, கொண்டுவந்தவளுக்குக் கிடைக்கவில்லை.

வெற்றிலையோடு வந்த அண்ணாச்சிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “சேலையையா போட்டிய?” என்றார். “பரிசச் சேலையையா?” என்று மறுபடியும் கேட்டார்.

“நான் துணியைப் போடுங்கன்னுதான் சொன்னேன்” என்றாள் மதினி. “பட்டைப் போடுங்கன்னா சொன்னேன்?”

அழுகை வந்துவிட்டது. அம்மா ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தாள். மேசை மேல் பிரிக்காமல் கிடக்கும் பத்திரிகைகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அடுத்த பஸ் பத்து மணிக்கு மேல்தான். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கால் மணி நேரத்தில் ஒரு லாரியோடு வந்தார். ராஜபாளையத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரி. முன்னால் டிரைவரும் கிளீனரும் இன்னும் இரண்டு பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் மேலே ஏறச் சொன்னார்கள்.

ஏறிப் பார்த்தால் சரக்கு முழுக்கத் துண்டு. பேல் பேலாகக் கட்டிய துண்டு. ஒரு துண்டு இல்லாமல் மாட்டிக்கொண்ட நான், ஆயிரக்கணக்கான துண்டு மேல் உட்கார்ந்து கரிவலத்துக்குப் போனேன். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மதினி சிரிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு மஞ்சள் துணியைக் கிழித்து, ஒரு காசை வைத்து முடிந்து, “அம்மா தாயே, சேலை கிடைச்சிட்டா உன் உண்டியலுக்குக் கொண்டாறேன்” என்று கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். காற்றில் எங்கள் தலையெல்லாம் கலைந்து போயிருந்தது.

கரிவலத்தில் இறங்கியபோது பத்துக்கு ஐந்து நிமிஷம். பஸ் போய்விட்டிருந்தது. டீக்கடைக்காரரிடம் அண்ணாச்சி ஆரம்பிப்பதற்குள் அவரே, “சேலை அப்பவே வந்துட்டு. நீங்கதான் லேட்டு” என்றார்.

வாழைமரம் கட்டிய வீட்டுக்கு ஓடினோம். பெண் வீட்டுக் கூடத்தில் நடுவே ஒரு நாற்காலி, நாற்காலி மேல் எங்கள் சேலை. மல்லிகை அப்படியே இருந்தது. கரையில் ஒரு கத்தரி இலை ஒட்டியிருந்தது. பக்கத்தில் காய்க்கூடையோடு ஓர் அம்மா காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் நடந்ததை அவர்தான் சொன்னார். “சீட்டுல பட்டு கிடக்கு, மஞ்சள் வச்சிருக்கு, பூ சுத்தியிருக்கு. பரிசச் சேலைன்னு பார்த்தாலே தெரியுதே. அது மேல யாரு உக்காருவா? நான் கூடையோட நின்னுக்கிட்டேதான் வந்தேன், கால் கடுத்துப்போச்சு. ஒரு ஆளு உக்காரப் போனான். பஸ்ஸே சத்தம் போட்டுச்சு, பொண்ணு உக்காந்திருக்கு, தள்ளி நில்லுன்னு. இன்னைக்கு இங்கன இந்த ஒரு வீட்டுலதானே பரிசம், நானே கொண்டாந்துட்டேன்.”

அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் கூடத்தின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். பெண்ணின் தாய்மாமன். நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல. வேட்டி முழங்காலுக்கு மேல் இருந்தது.

“ஏம்மா, எங்க பிள்ளைக்குச் சேலை வாரதுக்கு ஒரு முறை இல்லையா?” என்றார். “மேளத்தோட வரவேண்டாம். ஆளோடயாவது வரவேண்டாமா? காய்க்கூடையில வச்சு அனுப்புவியளா? இப்பவே இப்படின்னா, கடல் தாண்டிப் போனப்புறம் எங்க பிள்ளையை எப்படி வச்சிருப்பிய? சேலையை எடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு வேண்டாம்.”

பெண்ணின் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “மச்சான், கொஞ்சம் கேளுங்க” என்றார். அவர் கேட்பதாக இல்லை. மணி பத்து பத்து. எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, கோபமும் வரவில்லை. என்மேல்தானே தப்பு. கோபமில்லாமல் நான் பேசியது அந்தப் பயணத்திலேயே அது ஒருமுறைதான்.

“நான்தான் பஸ்ஸுல போட்டேன், ஐயா” என்றேன். “அலட்சியமா அனுப்பலை. நேத்து கைக்குட்டை போட்டேன், செல்லாதுன்னு சொன்னாங்க. இன்னைக்கு இடம் பிடிக்க வேற துணி இல்லை. யோசிக்காம சேலையைப் போட்டுட்டேன். அது போயிருச்சு, நான் நின்னுட்டேன். லாரி புடிச்சு பின்னாலேயே வந்தோம்.”

கூடம் முழுக்க என்னையே திரும்பிப் பார்த்தது. இடம் பிடிக்கப் பட்டுச்சேலையைப் போட்டவளை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

அப்போது உள் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெண்ணின் குரல். வடிவு என்று பெயர், போட்டோவில்தான் பார்த்திருந்தேன். பரிசத்தன்று பெண் பேசமாட்டாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

“மாமா, அவுக இடம் போட்டிருக்காவ. அதுவும் துண்டு இல்ல, பட்டு. துணி போட்ட இடத்துல இன்னொருத்தரு உக்காருவாவளா? இனிமே யாரு பொண்ணு கேட்டு வந்தாலும், ஆள் வருதுன்னு சொல்லிருங்க. அதுக்குப் போயி கண்டக்டர் மாதிரி சத்தம் போடுதிய.”

முதலில் சிரித்தது காய்க்கார அம்மா. காப்பி புரையேறிவிட்டது. பிறகு பெண்ணின் அம்மா தூணிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்தினாள். தாய்மாமன் முகத்தை இறுக்கித்தான் வைத்திருந்தார். மீசை மட்டும் துடித்தது. நான் அவர் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை மெல்ல இடுப்புக்குப் போனது. மடித்துக் கட்டியதை அவிழ்த்தார். வேட்டி கணுக்கால் வரை இறங்கியது. என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

“நல்ல நேரம் போகுது, சேலையைத் தாம்பாளத்துல வைங்க” என்றார்.

பத்து இருபதுக்கு அந்தச் சேலையை வடிவு கையில் கொடுத்தேன். கத்தரி இலையை மட்டும் எடுத்துவிட்டேன். அவள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து கும்பிட்டாள். மாம்பழ நிறம் அவளுக்கு நன்றாக இருந்தது. அம்மா கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ. எனக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை சந்தோஷத்தில். மதினி இடுப்பிலிருந்த மஞ்சள் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வடிவு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “மதினி, உங்க தம்பிகிட்ட சொல்லுங்க. இடம் பத்திரமா இருக்கு. தைக்குள்ள வந்து உக்காரச் சொல்லுங்க.”

சனிக்கிழமை காலையில் சங்கரன்கோவில் தபாலாபீசுக்குப் போய் ஈப்போவில் இருக்கும் தம்பிக்குத் தந்தி கொடுத்தேன். இங்கிலீஷில்தான் எழுதமுடியும். அவள் சொன்னதையே சுருக்கி எழுதினேன்: சீட் போட்டாயிற்று, தைக்குள் வந்து உட்கார்.

திங்கட்கிழமை தறிச் சத்தத்துக்கு நடுவே தபால்காரர் பதில் தந்தியைக் கொண்டுவந்தார். இரண்டே வார்த்தை. எந்த பஸ் என்று கேட்டிருந்தான்.